எல்லோருக்கும் ஒரு அத்தை

மலர்க் குழுவிலிருந்து டெலிபோன் வந்தபோது நான் மொட்டை மாடியில் மோர்மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தேன். “மிஸ், நீங்க ஹிஸ்டரி டிபார்ட்மென்ட். ஒரு சரித்திரக் கட்டுரை எழுதிக் கொடுங்க. எங்க காலேஜ் கட்டட வரலாறு மட்டும் வேண்டாம், அது போன மலர்லயே வந்தாச்சு” என்றாள் செயலாளர். மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து என் வகுப்பில் கொட்டாவி விட்ட அதே பெண்தான். இப்போது எனக்கு உத்தரவு போடுகிறாள்! சரி, எழுதுகிறேன். ஆனால் இது ஒரு பழைய கடன் தீர்க்கிற கட்டுரை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷ ஆண்டு விழாவில், ‘மூத்தவர்கள் இளையவர்களுடன்’ என்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, எங்களில் நாலு பேரை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். எட்டு வயதிலிருந்து பரதநாட்டியம் கற்கிறாளாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாளாம். டிகிரி முடித்ததும் பி.எட். படிக்க ஆசை. “வீட்ல அப்பா, அகல உழுகிறதை ஆழ உழுன்னு சொல்றார், மிஸ். ஏதாவது ஒண்ணைத்தான் வெச்சுக்கணுமாம். எதை விடறது?” என்றாள்.

நான் மைக்கைப் பிடித்து, நேரத்தைத் திட்டமிட்டால் எல்லாம் சாத்தியம், கால அட்டவணை போட்டுக்கொள், என்று ஏதோ சொன்னேன். கைதட்டினார்கள். ஆட்டோவில் வீடு திரும்பும்போது வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் கேட்டது கால அட்டவணையைப் பற்றியா? 1973இல் இதே கேள்வி என் முன்னால் வந்தபோது, நான் யாரையும் கேட்காமலேயே சலங்கையைப் பரணில் போட்டவள். எம்.ஏ. படிப்பு கெட்டுவிடும் என்று வீட்டில் பயம், எனக்கும் பயம். பரணிலிருந்து அது இறங்கவேயில்லை.

ஆகவே அந்தக் கேள்விக்கு என் பதிலை ஒதுக்கிவிட்டு, ஒரு வாழ்க்கையையே எடுத்து வைக்கிறேன். அடையாறு பக்கம் குடியிருக்கும் நம் தோழிகளுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்தான். ருக்மிணி தேவி அருண்டேல். பேரைச் சொன்னாலே ‘கலாக்ஷேத்ரா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்காத மனுஷி அவர். தெய்வமாக்கி எழுதப் போகிறேன் என்று பயப்பட வேண்டாம். சரித்திர வாத்தியார் புத்தி அவ்வளவு சீக்கிரம் விடாது.

பிறந்தது மதுரையில், 1904 பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற தேதி. எண்பத்தொரு வயது வரை வாழ்ந்தவருக்கு முறைப்படி வந்த பிறந்தநாள் இருபதுதான்! தகப்பனார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் இன்ஜினீயர், சம்ஸ்கிருதம் படித்தவர், பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்பம் சென்னைக்கு வந்து, அடையாறில் சபையின் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் அன்றைய ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண் குழந்தை, வாசலைத் தாண்டினால் அன்னி பெசண்ட்டையும் உலகத்தின் பல நாட்டுக்காரர்களையும் பார்க்கலாம் என்றால், அந்த வாசல் சாதாரண வாசலா?

அங்கேதான் ஜார்ஜ் அருண்டேலைச் சந்தித்தார். ஆங்கிலேயர், காசியில் சென்ட்ரல் ஹிந்து காலேஜில் பிரின்ஸிபாலாக இருந்தவர், 1917இல் ஹோம் ரூல் இயக்கத்துக்காகப் பெசண்ட் அம்மையாருடன் காவலில் வைக்கப்பட்டவர். 1920இல் இருவருக்கும் பம்பாயில் கல்யாணம். பெண்ணுக்கு வயது 16, மாப்பிள்ளைக்கு 41. மதராஸ் கொதித்தது. பத்திரிகைகள் எழுதின, உறவினர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாதி, மதம், தேசம் மூன்றையும் ஒரே நாளில் தாண்டியாகிவிட்டது. வயது வித்தியாசத்தை இன்றைக்கு வகுப்பில் சொன்னால் நம் மாணவிகளே முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அது நியாயம்தான். ஆனால் பிற்பாடு ஊரே எதிர்த்தபோதும் அவர் அசையாமல் நின்றதற்கான பயிற்சி இந்தக் கல்யாணத்திலேயே கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

கணவருடன் உலகம் சுற்றினார். 1928இல் ருஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவா பம்பாயில் ஆடினார். அதைப் பார்த்தவர்களில் ருக்மிணியும் ஒருவர். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் பாவ்லோவாவின் குழுவும் இவர்களும் சேர்ந்து பயணம் செய்ய நேர்ந்தது. பழக்கம் ஏற்பட்டது. பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். கவனியுங்கள், இவர் முதலில் காலைத் தூக்கி ஆடக் கற்றது மேல்நாட்டு நடனம். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று சொல்லி அனுப்பியவரும் அந்த ருஷ்யப் பெண்மணிதான். அப்போது ருக்மிணிக்கு வயது இருபத்து நாலைத் தாண்டிவிட்டது. நமக்கெல்லாம் எட்டு வயதில் அரங்கேற்றம் ஆகாவிட்டால் வீட்டில் கவலைப்படுகிறார்கள்!

இனி வருவது கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டிய பகுதி.

நாம் இன்று பரதநாட்டியம் என்று சொல்கிற கலைக்கு அன்று சதிர் என்று பெயர். அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் தேவதாசி மரபில் வந்த பெண்களும், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த நட்டுவனார்களும். தஞ்சாவூர் நால்வர் என்கிற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு வகுத்த வரிசையில்தான் அலாரிப்பு முதல் தில்லானா வரை வந்து சேர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் மதராஸில் பெரிய சண்டை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் அந்த ஆட்டமே வேண்டாம் என்றும் போராடினார். வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர், வழக்கம் வேறு, கலை வேறு என்று வாதாடினார். தாமே பெண் வேஷம் போட்டுக்கொண்டு மேடையேறி ஆடிக் காட்டியவர் அவர். மியூசிக் அகாடமி மேடையில் பந்தநல்லூர் கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள். ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற பெயரும் அந்த வருஷங்களில்தான் அகாடமி வழியாக நிலைபெற்றது.

அகாடமியில் சதிரைப் பார்த்த ருக்மிணி, இதைக் கற்றே தீருவது என்று முடிவு செய்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் கற்றார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் அறுபதாண்டு விழாவில் அடையாறில் மேடையேறினார். அப்போது அவர் கணவர் சபையின் தலைவர். பிராமணப் பெண், கல்யாணமானவள், முப்பத்தொரு வயது, அதுவும் ஆயிரக்கணக்கான கண்களுக்கு முன்னால் சதிர்! வைதிகர்கள் ஒரு பக்கம் திட்டினார்கள், சீர்திருத்தக்காரர்கள் இன்னொரு பக்கம் நெற்றியைச் சுருக்கினார்கள். அன்றிலிருந்துதான் ‘நல்ல குடும்பத்துப்’ பெண்கள் ஆட வழி பிறந்தது என்று நாம் படிக்கிறோம்.

அந்த ‘நல்ல குடும்பம்’ என்ற சொல்லில்தான் எனக்கு முள் குத்துகிறது. நல்ல குடும்பத்துப் பெண்கள் வந்தார்கள், சரி. அதுவரை ஆடி வந்த குடும்பத்துப் பெண்கள் என்ன ஆனார்கள்? 1947இல் மதராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டும் கொடுமை போனது நல்லதே. ஆனால் கலையும் மெல்ல அவர்கள் வீட்டை விட்டுப் போனது. தலைமுறை தலைமுறையாகக் கலையை வைத்திருந்தவர்களுக்கு மேடை சுருங்கியது, புதிதாக வந்தவர்களுக்கு விரிந்தது. ருக்மிணி தேவி சிருங்காரத்தைக் குறைத்து பக்தியைக் கூட்டினார். தஞ்சாவூர் தனம்மாள் குடும்பத்தில் வந்த பாலசரஸ்வதி அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர், அதில் சுத்தம் செய்ய என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. இருவரும் பெரியவர்கள். நான் யார் பக்கம் என்று கேட்டால், ஆட்டத்தில் பாலாம்மா பக்கம், பள்ளிக்கூடம் கட்டியதில் ருக்மிணி தேவி பக்கம். மழுப்பல் என்று மூன்றாம் பெஞ்ச் முணுமுணுப்பது கேட்கிறது.

பள்ளிக்கூடம் என்றேன் அல்லவா? 1936 ஜனவரியில் அடையாறில், ஒரு மரத்தடியில், ஒரே ஒரு மாணவியுடன் ஆரம்பமானது கலாக்ஷேத்ரா. அந்த ஒரு மாணவி, ருக்மிணியின் அண்ணன் ஸ்ரீராமின் மகள் ராதா. இந்த ராதாதான் பிற்காலத்தில் ழான் ரெனுவாரின் ‘தி ரிவர்’ படத்தில் நடனமாடியவர், பிறகு ராதா பர்னியர் என்ற பெயரில் 1980 முதல் 2013 வரை பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர். ராதாவுக்கு அப்பாவின் தங்கை என்பதால் ‘அத்தை’. பின்னால் வந்த பிள்ளைகளும் அத்தை, அத்தை என்றே கூப்பிட, கடைசியில் அங்கே எல்லோருக்கும் அவர் அத்தையாகிவிட்டார். மிஸ் இல்லை, மேடம் இல்லை, டைரக்டர் அம்மா இல்லை. இருபத்தெட்டு வருஷம் ‘மிஸ்’ஸாகவே காலம் தள்ளிய எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

தாம் ஆடிப் புகழ் பெறுவதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஆட்களைச் சேர்த்தார். அந்தப் பட்டியலைப் பாருங்கள். டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், காரைக்குடி சாம்பசிவ ஐயர், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், எண்பது வயதைத் தாண்டியபின் வந்து சேர்ந்த மைசூர் வாசுதேவாச்சாரியார். கதகளிக்குக் கேரளத்திலிருந்து அம்பு பணிக்கர், சந்து பணிக்கர். இப்படிப்பட்ட வித்வான்களை ஒரே இடத்தில் குடிவைத்து, மாதச் சம்பளத்துக்குப் பாடம் சொல்ல வைப்பது லேசுப்பட்ட காரியமா? நம் கல்லூரியில் இரண்டு டிபார்ட்மென்ட்டுகளுக்கு ஒரே ஸ்டாஃப் ரூம் கொடுத்தபோது என்ன நடந்தது என்று 1980களில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மேடையில் அவர் செய்த மாற்றங்களும் பல. அதற்கு முன் பக்க வாத்தியக்காரர்கள் ஆடுபவரின் பின்னாலேயே நின்று, அவர் நகர நகரத் தாங்களும் நகர்வார்கள். அவர்களை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தார். கோயில் சிற்பங்களைப் பார்த்து ஆடை அணிகளைத் திருத்தினார். மேடையில் நடராஜர் வந்து நின்றார். இன்று எந்தச் சபாவில் அரங்கேற்றம் நடந்தாலும் இவை ஆதிகாலத்திலிருந்தே இருப்பவை என்று நினைத்துக்கொள்கிறோம். நம் பாட்டி காலத்துப் புதுமைதான்.

நட்டுவாங்கம் ஆண்களின் தொழிலாக இருந்தது. 1940களின் முற்பகுதியில் பந்தநல்லூர் நட்டுவனார்கள் அடையாறை விட்டுப் போனபோது கலாக்ஷேத்ரா முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ருக்மிணி தேவி தம் மாணவிகள் கையிலேயே தாளத்தைக் கொடுத்தார். மேடையில் உட்கார்ந்து பெண்கள் ஜதி சொன்னார்கள். குரு போய்விட்டார், கச்சேரி நடக்க வேண்டும், வேறு வழியில்லை என்ற நிலையில் திறந்த கதவு அது. ஆனால் பிறகு மூடப்படவில்லை. மரபுக் குருமார்களுக்கு அதில் வருத்தம் இருந்திருக்கும். அதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

1944இல் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். 1947இல் குமாரசம்பவம். 1955இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி 1970இல் மகா பட்டாபிஷேகம் வரை ராமாயணத்தை ஆறு நாடகங்களாக்கினார். பதினைந்து வருஷம்! இசை அமைத்துவந்த வாசுதேவாச்சாரியார் நடுவில் 1961இல் காலமாகிவிட, அவர் பேரன் ராஜாராம் மீதியை முடித்தார். படித்துப் போனவர்களில் யாமினி கிருஷ்ணமூர்த்தி, தனஞ்ஜயன், அடையாறு லட்சுமணன், லீலா சாம்ஸன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். தனஞ்ஜயன் கேரளத்திலிருந்து சிறு பையனாக 1953இல் வந்தவர். பையன்களும் இங்கே ஆடக் கற்றார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவோடு ஒரு மனுஷிக்கு வேலை போதாதா? இதோடு இன்னும் நாலு வண்டி இழுத்தார்.

1937இல் நெசவுக்கூடம் ஆரம்பித்தார். நாட்டியக்காரிக்கு நல்ல பட்டுப் புடவை வேண்டும், பழைய கரைகளும் வண்ணங்களும் மறைந்துகொண்டிருக்கின்றன, அப்படியானால் தறி போடு என்பது அவர் கணக்கு. நம்மில் பலர் கல்யாணத்துக்குக் ‘கலாக்ஷேத்ரா புடவை’ என்று கேட்டு வாங்கினோமே, அந்தப் பெயரின் வேர் அங்கே இருக்கிறது.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி தம் மகன் மரியோவுடன் அடையாறு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. மறு வருஷம் இத்தாலி போரில் குதிக்கவே, இத்தாலியர் என்பதால் மரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மையாருக்கும் நடமாட்டக் கட்டுப்பாடு. போர் முடியும் வரை அவர் இந்தியாவிலேயே தங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். குழந்தைகளைக் கையாலும் காலாலும் கண்ணாலும் கற்கவிடு என்ற மாண்டிசோரி முறையும், அடவு பழகுகிற நாட்டியக் கூடமும் ஒரே வளாகத்தில் இருந்தன. ருக்மிணி தேவிக்கு நடனம் ஒரு பக்கம், கல்வி ஒரு பக்கம் என்று பிரிவினை இருந்ததாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டும் ஆட்டமும் பார்த்து வளர்ந்தார்கள். நாட்டியப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் படித்தார்கள்.

1942இல் உ.வே. சாமிநாதையர் காலமானார். ஊர் ஊராக அலைந்து அவர் சேர்த்த ஓலைச்சுவடிகளையும் புத்தகங்களையும் காப்பாற்ற 1943இல் அவர் பெயரில் நூல்நிலையம் அமைத்தவரும் ருக்மிணி தேவிதான். தமிழ் எம்.ஏ. படித்த தோழிகள் பெசண்ட் நகரில் அந்த நூல்நிலையப் படியேறியிருப்பீர்கள். சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பதிப்பித்தவரின் சுவடிகளுக்குக் கூரை போட்டவர் ஒரு நடனக்காரி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

1945இல் கணவர் காலமானார். பிறகு சபை வளாகத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலைமையும் வந்தது. கடைசியில் 1962இல் திருவான்மியூர்ப் பக்கம் சுமார் 100 ஏக்கரில் சொந்த இடத்துக்குக் கலாக்ஷேத்ரா போய்ச் சேர்ந்தது. அப்போது அந்தப் பக்கம் மணலும் சவுக்கும்தான். மரம் நட்டு நட்டுத்தான் அதைத் தோப்பாக்கினார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 1952இல் நாட்டின் முதல் ராஜ்ய சபை கூடியது. ஜனாதிபதி நியமித்த உறுப்பினர்களில் விஞ்ஞானி சத்தியேந்திரநாத் போஸ், கல்வியாளர் ஜாகிர் உசேன், நடிகர் பிரித்விராஜ் கபூர் ஆகியோருடன் ருக்மிணி தேவியும் இருந்தார். கலைஞர் என்பதற்காகக் கொடுத்த நாற்காலி. மற்றவர்களாக இருந்தால் கலைக்கு மானியம் கேட்டுவிட்டு, குளிர்காலத்தில் டெல்லியில் கச்சேரி கேட்டுவிட்டு வந்திருப்பார்கள். இவரோ மாட்டு வண்டியையும் சர்க்கஸையும் ஆராய்ச்சிசாலைக் குரங்கையும் பற்றிப் பேசினார். 1953இல் மிருகவதைத் தடைக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார்.

தனிநபர் மசோதாக்களின் கதி என்ன என்று அரசியல் சாஸ்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். பத்து நிமிஷம் பேசவிட்டுப் பரணில் போட்டுவிடுவார்கள். என் சலங்கை மாதிரி. 1954இல் இது விவாதத்துக்கு வந்தபோது பிரதமர் நேருவே எழுந்து, அரசாங்கமே ஒரு மசோதா கொண்டுவரும், இதை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வாங்கிக்கொண்டார். ஆனால் விட்டுவிடவில்லை. கமிட்டி போட்டார்கள், சாட்சியம் கேட்டார்கள், வருஷங்கள் ஓடின. 1960 டிசம்பரில் மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி 1962இல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவர் அவரே. வாரியத்தின் தலைமையகமும் நம் சென்னையிலேயே இருந்தது, 2018 வாக்கில் ஹரியானாவுக்குப் போகும் வரை.

அந்தச் சட்டத்தை நீங்கள் கேள்விப்பட்டதில்லை என்று சொல்ல முடியாது. 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டை நிறுத்தியது எந்தச் சட்டத்தை வைத்து? இதே 1960ஆம் வருஷச் சட்டம். வழக்கில் முதல் கட்சிக்காரர் இதே வாரியம். 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் இரவும் பகலும் உட்கார்ந்து கேட்டது என்ன? அந்தச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு திருத்தம். திருத்தம் வந்தது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றும்கொண்டது. எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. என் பேரன் மெரினா கட்சி, நான் அத்தை கட்சி. பொங்கலன்று மட்டும் சமாதானம். நான் சொல்ல வருவது அதுவல்ல. நாட்டியக்காரி ஒருத்தி ஆரம்பித்த வேலை, அவர் மறைந்து முப்பது வருஷம் கழித்தும் ஒரு மாநிலத்தையே கடற்கரையில் கூட்டியது. சட்டத்தில் ஓட்டை இல்லாமலும் இல்லை. முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இவரை ஜனாதிபதி பதவிக்கு நிறுத்த விரும்பினார். மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. திருவான்மியூரில் அவ்வளவு வேலை வைத்துக்கொண்டு யார் டெல்லியில் போய் அந்த அரண்மனையில் உட்காருவார்கள்? கடைசிவரை கலாக்ஷேத்ராவிலேயே இருந்தார். 1986 பிப்ரவரி 24 அன்று காலமானார். அந்த வருஷம் பிப்ரவரி 29 கிடையாது. 1993ஆம் வருஷச் சட்டத்தின் மூலம் பாராளுமன்றம் கலாக்ஷேத்ராவை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன்.

கண்ணு, உன் அப்பா சொல்வதில் தப்பில்லை. ஆழ உழத்தான் வேண்டும். இவர் பண்டிதரைக் கூட்டிவந்து கற்றார், ஒரு ராமாயணத்துக்குப் பதினைந்து வருஷம் கொடுத்தார், ஒரு சட்டத்துக்கு ஏழு வருஷம் காத்தார். அகலமாகத் தெரிகிற ஒவ்வொன்றும் ஆழம்தான். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவருக்கு இருந்த வசதி உனக்கு இல்லை, எனக்கும் இருந்ததில்லை. கணவர் ஓர் உலக சபையின் தலைவர். வளாகம் இருந்தது, கேட்டால் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள், சமையலறையில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ண வேண்டியதில்லை. குழந்தைகளும் இல்லை. பரம்பரைக் கலைக்காரர்களுக்குக் கிடைக்காத மேடை அவருக்குக் கிடைத்தது. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் நிறைய நிற்கிறது. எதை விடுவது என்ற கேள்வியை அவர் போட்டுக்கொண்டதாக எனக்கு எங்குமே தென்படவில்லை. புடவைக்காகத் தறி வந்தது, பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் வந்தது. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. 1973இல் எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. சத்தியம் பண்ண முடியாது.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் செயலாளரிடம் நம்பர் வாங்கி அந்தப் பெண்ணுக்கு போன் பண்ணினேன். எதை விட்டாய் என்று கேட்டேன். “ஒண்ணையும் விடலை மிஸ். டான்ஸ் கிளாஸை செவ்வாய்க்கிழமைக்கு மாத்திட்டேன். அப்பா இன்னும் முறைச்சிக்கிட்டுத்தான் இருக்கார்” என்றாள். அப்புறம் ஒரு விஷயம் சொன்னாள். குப்பத்துப் பிள்ளைகள் கணக்குப் போட்டு முடித்ததும், “அக்கா, நீங்க ஆடுவீங்களாமே, ஆடிக் காட்டுங்க” என்று நச்சரித்தார்களாம். இப்போது கணக்கு முக்கால் மணி, தட்டடவு, நாட்டடவு கால் மணி. ஒன்பது பேர் ஆடுகிறார்கள், அதில் மூன்று பையன்கள். சமுதாயக் கூடத்தில் சிமெண்ட் தரை, ஆகவே ரொம்ப நேரம் தட்ட விடுவதில்லையாம். தாளத்துக்குத் தட்டுக்கழி இல்லை. வீட்டிலிருந்து பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு போய், பழைய அலமாரிப் பலகையில் தட்டுகிறாள். “அம்மா தினம் திட்டறாங்க மிஸ், சப்பாத்தி போட முடியலையாம்.”

பரணை நான் போன வாரம்தான் இறக்கினேன். சலங்கை மணிகளில் பாதி துருப்பிடித்துவிட்டது, தோலும் உளுத்துவிட்டது, அது யாருக்கும் ஆகாது. ஆனால் துணியில் சுற்றிய தட்டுக்கழியும் பலகையும் பத்திரமாக இருக்கின்றன. நம் கூடுகை அன்று காலையில் கொண்டுவந்து வரவேற்பு மேஜையில் வைக்கிறேன். இரண்டாம் ஆண்டுப் பெண்ணே, இல்லை, இப்போது மூன்றாம் ஆண்டு அல்லவா, வந்து எடுத்துக்கொள். பூரிக்கட்டையை அம்மாவிடம் கொடுத்துவிடு.